வாய் வெந்து கிடக்கும்போது எதை வைத்துப் பல் தேய்ப்பது?

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாருக்காகக் கேட்கிறேன். அத்தைக்கு 63 வயது. இரண்டு மாதமாக வாயெல்லாம் எரிகிறது என்கிறார். பேஸ்ட் நாக்கில் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டு மூன்று வாரம் இருக்கும். மோர் சாதம், கஞ்சி, ஆறிப்போன இட்லி, அவ்வளவுதான் இறங்குகிறது. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து விருச்சிகக் காற்று (கார்த்திகை மாத வறண்ட காற்று) வீச ஆரம்பித்ததிலிருந்து உதடும் வெடித்துவிட்டது.

ஒரு டாக்டரிடம் காட்டினோம். வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று ஒரு ஜெல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீடு வந்து சேரும் வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் அவராகவே பேஸ்டை விட்டுவிட்டு மூலிகைப் பற்பொடிக்கு மாறினார். கிராம்பு, மிளகு, கற்பூரம், இந்துப்பு எல்லாம் போட்டது. முதல் நாளே துடித்துப் போனார். ஆனாலும் "இயற்கைதானே, கெடுதல் செய்யாது" என்று விடாமல் தேய்க்கிறார். எரியாமல் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

வேலந்தாவளத்தான்

அம்மணி, பற்பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். உமிக்கரி இருக்க மற்றது எதற்கு? நெல் உமியைச் சுட்டுக் கரியாக்கி, நன்றாக இடித்துத் துணியில் சலித்து, கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தேய்க்கலாம். எங்கள் அப்பா கடைசிவரை அதுதான் தேய்த்தார். 84 வயதில் கரும்பு கடித்தவர்.

அது கிடைக்காவிட்டால் பழுத்த மாவிலை. நடு நரம்பைக் கிழித்துவிட்டு இலையைச் சுருட்டித் தேய்ப்பது. மலையாளத்தில் சொல்வார்களே, பழுத்த மாவிலை கொண்டு பல் தேய்த்தால் புழுத்த வாயும் நாறாது என்று. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கொடுங்கள். ரொம்ப எரிந்தால் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டுப் பஞ்சில் நனைத்து வைக்கலாம், மரத்துப் போகும்.

முதலமடைத் தோப்பு

அண்ணா, மாவிலை விஷயத்தில் மட்டும் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மாந்தோப்பு வைத்துப் பிழைக்கிறவன் நான். காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீச்சும் பால் ஆட்கள் முகத்தில் பட்டால் தோல் கருகிப் புண்ணாகிவிடும். எல்லோருக்கும் ஆகாது. ஆனால் ஆகிறவர்களுக்கு மோசமாக ஆகும். எங்கள் தோப்பில் ஒரு அக்கா மாங்காயைத் தோலோடு கடித்தாலே உதடு வீங்கிவிடும். அந்தப் பால் இலையிலும் இருக்கிறது. காய்ந்து பழுத்த இலையில் குறைவு, அவ்வளவுதான். நல்ல வாய்க்குப் பரவாயில்லை. ஏற்கெனவே தோலுரிந்த வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். வெடித்த உதட்டோடு இருக்கிறார் என்கிறீர்கள், இப்போது தோப்புப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

கோவைச் செவிலி

நான் புற்றுநோய் வார்டில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கதிர்வீச்சும் மருந்தும் ஏறி வாய் முழுக்க வெந்துபோனவர்களுக்குப் பல் தேய்த்துவிடுவது எங்கள் அன்றாட வேலை. அதனால் இதில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெந்த வாய்க்கு என்ன சேர்க்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், எதையெல்லாம் எடுக்கலாம் என்று பாருங்கள். கிராம்பு, மிளகு, கற்பூரம், பட்டை, புதினா எண்ணெய் எல்லாமே இயற்கைதான். மிளகாயும் இயற்கைதானே? கிராம்பு எண்ணெய் மரக்கச் செய்யும் என்பது உண்மை. சொத்தைப் பல்லின் குழியில் வைக்கும் பொருள் அது. நேராகச் சதையில் பட்டால் சதை வேகும். வேலந்தாவளத்து அண்ணா தவறாக நினைக்க வேண்டாம், நாக்கு எரிகிற ஆளுக்கு அதை வைக்கவே கூடாது.

பேஸ்டிலும் இதே கதை. நுரை வருவதற்காகப் பல பேஸ்ட்களில் சோடியம் லாரில் சல்பேட் சேர்க்கிறார்கள். துணிக்கு நுரை வருவதும் இந்த வகைப் பொருளால்தான். வாயின் உள்தோல் மெலிந்திருக்கிறவர்களுக்கு இது எரியும். அடிக்கடி வாய்ப்புண் வருகிற சிலருக்கு இது இல்லாத பேஸ்டுக்கு மாறினாலே புண் வருவது குறைகிறது. டப்பாவைத் திருப்பிப் பின்னால் படியுங்கள். மூலிகை என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தாலும் உள்ளே அது இருக்கலாம். குழந்தைகள் பேஸ்ட் காரம் குறைவு என்று வாங்குகிறார்கள், அதிலும் இருப்பதுண்டு. படித்துத்தான் ஆக வேண்டும்.

சரி, கொப்பளிக்க என்ன செய்யலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, தலை தட்டி. வெதுவெதுப்பாகவோ ஆறியோ, எது இதமோ அப்படி ஒரு நாளைக்கு நாலைந்து முறை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. மீந்ததை மறுநாள் வைக்காமல் கொட்டிவிடுங்கள். உப்பு கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது இன்னும் எரிச்சல்தான். வார்டில் விலை உயர்ந்த மவுத்வாஷ்களைப் பார்த்திருக்கிறேன், ஆல்கஹால் சேர்ந்தவை கத்தி போல் அறுக்கும். இந்த உப்பு சோடாத் தண்ணீரைத்தான் நோயாளிகள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் மலையாளத்தில் கேட்டால் ஆப்ப சோடாவுக்கு "அப்பக்காரம்" என்பார்கள். "அலக்குகாரம்" என்பது துணி துவைக்கும் சோடா. காது கேளாத பெரியவரை அனுப்பி அது மாறி வந்தால் வாய் வெந்துவிடும். பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கேள்விகள். அத்தைக்குச் சர்க்கரை உண்டா? என்னென்ன மாத்திரை? பல் செட் மாட்டுகிறாரா? வெற்றிலை பாக்குப் பழக்கம்? ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து? நாக்கு எப்படி இருக்கிறது, வெள்ளை படிந்தா, சிவந்தா, சொரசொரப்பு இருக்கிறதா? டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் அடியும் விடாமல்.

வேலந்தாவளத்தான்

அம்மணி, நான் தவறாக நினைக்கவில்லை. ஆனால் உமிக்கரியை ஒதுக்க மனசு வரவில்லை. அப்பா பல்லைப் பார்த்து வளர்ந்தவன்.

கோவைச் செவிலி

அண்ணா, உங்கள் அப்பாவின் ஈறு கெட்டியாக இருந்தது, கை இலேசாக இருந்தது. உமிக்கரியில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது, அதனால்தான் அது அழுக்கை எடுக்கிறது. வெந்த ஈறில் அதையே தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி. நான் சொல்வது இந்த இரண்டு மாதத்து வாய்க்கு மட்டும்.

வைத்தியசாலைப் பேத்தி (தத்தமங்கலம்)

எங்கள் தாத்தா வைத்தியசாலை வைத்திருந்தார். கடையில் கைமருந்து எடுத்துக் கொடுத்துப் பழகிய அளவில் சொல்கிறேன்.

ஆயுர்வேதத்தில் எண்ணெயை வாயில் வைப்பது இரண்டு விதம். வாய் நிறைய நிரப்பி அசைக்காமல் வைத்திருப்பது கண்டூஷம். குறைவாக எடுத்து அங்குமிங்கும் புரட்டிக் கொப்பளிப்பது கவளம். வாய் எரிகிறவர்களுக்குத் தாத்தா அதிகம் சொன்னது எதையும் சேர்க்காத எண்ணெய். நல்லெண்ணெயோ, ஆட்டிய தேங்காய் எண்ணெயோ, ஒரு தேக்கரண்டி, வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம். 20 நிமிடம் என்று இப்போது வீடியோக்களில் சொல்கிறார்கள். தாடை வலித்துப்போய் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். துப்பிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் அலசணும். அடிக்கடி புரை ஏறுகிற பெரியவர்களுக்கு எண்ணெய் கொப்பளிப்பே வேண்டாம், நெஞ்சுக்குள் போனால் வம்பு. அவர்களுக்குப் படுக்கும்போது விரலால் உதட்டிலும் ஈறிலும் இலேசாகத் தடவிவிட்டால் போதும்.

பல் ஆட்டத்துக்கும் ஈறு வீக்கத்துக்கும் அரிமேதாதி தைலம் கேட்டு வருவார்கள். நல்ல மருந்துதான், ஆனால் அதில் பல சரக்குகள் சேர்ந்திருக்கின்றன. என்ன காரணம் என்று தெரியாத எரிச்சலுக்குத் தாத்தா அதை எடுத்துக் கொடுத்ததில்லை. "முதலில் என்னவென்று தெரியட்டும்" என்பார்.

கற்றாழை போடுகிறவர்கள் மடலை வெட்டிக் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, மஞ்சளாக வடியும் கசப்புப் பாலை முழுக்கக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பாலே எரிக்கும், வயிற்றுக்குப் போனால் பேதியாகும். மணத்தக்காளி பற்றி அண்ணன் சொன்னது சரி. கீரையை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும், பச்சைக் காயைப் பறித்து அப்படியே மெல்லச் சொல்லக் கூடாது. பழுத்த கறுப்புப் பழம் சாப்பிடலாம்.

சாப்பாட்டில் காரமில்லாத இளங்குழம்பு, மட்டை அரிசிக் கஞ்சி ஆறவைத்து, புளிக்காத மோர். கருங்காலித் தண்ணீர், பதிமுகத் தண்ணீர் (அந்த மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சுவது) எல்லாம் குடிக்கலாம், கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் இருந்தால் சரி. எங்கள் ஊர்க்காரர்கள் டீயைக் கண்ணாடி டம்ளரில் ஆவி பறக்கக் குடிப்பார்கள். பாதி எரிச்சல் அதில் இருக்கிறது.

லோடு ஆட்டோ (மீனாட்சிபுரம்)

படித்துக்கொண்டே வந்தேன். எனக்கும் ஒரு சந்தேகம். வயது 29. பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அடிக்கிறேன். ஒரு வருடமாகக் காரம் தாங்கவில்லை, பரோட்டாவுக்குச் சால்னா தொட்டால் கன்னம் புகைகிறது. பாக்குப் பொட்டலம் போடுவேன், எட்டு வருடம் ஆகிறது. புகையிலை கிடையாது, வெறும் இனிப்புப் பாக்குதான். இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்க. அந்த உப்பு சோடாத் தண்ணீர் எனக்குக் கேட்குமா?

கோவைச் செவிலி

தம்பி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒன்று செய்யுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கப் பாருங்கள். எத்தனை விரல் போகிறது என்று எழுதுங்கள்.

லோடு ஆட்டோ (மீனாட்சிபுரம்)

இரண்டு போகிறது. மூன்றாவது போகவில்லை. கன்னம் உள்ளே வார் மாதிரி இழுக்கிறது.

கோவைச் செவிலி

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் மாட்டேன். பாக்குப் போடுகிறவர்களுக்கு வாயின் உள்தோலுக்கு அடியில் நார் நாராகக் கெட்டிப்பட்டு வரும் ஒரு நோய் இருக்கிறது. தோல் வெளுத்து, மீள்தன்மை போய், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் தாங்காமல் எரிவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. சிலருக்கு இது பிற்பாடு புற்றாக மாறும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே பாக்கை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. "வெறும் பாக்குதானே" என்று சொல்லி வந்து படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் தம்பி. இருபது சொச்சம் வயதுப் பையன்கள்.

உங்களுக்கு அதுதான் என்று இங்கிருந்து நான் முடிவு சொல்ல முடியாது. இந்த வாரமே பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள். பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய், கீரை எதுவும் அந்த நாரைக் கரைக்காது. முன்கூட்டிப் பிடித்தால் மேலே போகாமல் தடுக்கலாம், வாய் திறக்கும் பயிற்சி, மருந்து எல்லாம் இருக்கிறது.

வாயைப் பார்த்தாலே எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதற்கு உங்கள் கேரள மாநிலமே சாட்சி. திருவனந்தபுரத்தில் 1996ல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். வேறு கருவி ஒன்றும் இல்லை. 2005ல் வந்த முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கண்ணால் பார்த்ததற்கே அவ்வளவு பலன். அத்தையின் வாயைத் திறக்காமல் அனுப்பிய டாக்டரை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

டார்ச் அடித்துப் பார்த்தேன். அத்தை முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் திறந்தார். வெள்ளை இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் நாக்கு சிவப்பாக, வழுவழுவென்று பளபளக்கிறது. என் நாக்கில் இருக்கும் சொரசொரப்பு அவர் நாக்கில் இல்லை. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. பல் செட் இல்லை. வெற்றிலை போடுவதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பத்து வருடத்துக்கு மேல். சுத்த சைவம், முட்டைகூட இல்லை. பால் வாடை பிடிக்காது, மோரில் தண்ணீர்தான் அதிகம். கால் மரத்துப் போகிறது என்று போன வருடமே சொன்னார், சர்க்கரையால் இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

கோவைச் செவிலி

இதை ஒரு தாளில் அப்படியே எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள், வேறு டாக்டராக இருக்கட்டும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து உடம்பில் சேர்வது குறையும். அது மீன், முட்டை, இறைச்சி, பால் இவற்றில்தான் இருக்கிறது. கீரையில் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் நாக்கு இப்படித்தான் வழுக்கையாகும், காலும் மரக்கும். இரத்த அளவு, இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பூஞ்சையும் வரும், உதட்டோர வெடிப்பில் அதையும் பார்ப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறேன். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டிய புண், வெள்ளையோ சிவப்போ திட்டு, கெட்டியான தடிப்பு, விழுங்கச் சிரமம், இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியத்தில் நாள் கடத்த வேண்டாம்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)

சரிங்க அக்கா. பேஸ்டையே விட்டுவிடலாமா என்கிறார் அத்தை. வெறும் தண்ணீரில் தேய்த்தால் போதுமா?

கோவைச் செவிலி

ரொம்ப எரிகிற நாலைந்து நாள் மென்மையான பிரஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பிரஷை வெந்நீரில் நனைத்தால் நார் இன்னும் இளகும். அதற்கு மேல் ஃப்ளோரைடு வேண்டும். எச்சில் வற்றிய வாயில் சொத்தை வேகமாக வரும், எண்ணெயோ உப்போ அந்த இடத்தை நிரப்பாது. சல்பேட் இல்லாத, புதினாக் காரம் குறைந்த, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. நுரை வராது, தேய்த்த மாதிரியே இருக்காது, பழகிவிடும். அப்புறம், நடுநடுவே ஒரு வாய் தண்ணீர். அந்தக் காற்றில் வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினால் காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தலைமாட்டில் செம்பு வையுங்கள்.

நெல்வயல் (கொழிஞ்சாம்பாறை)
(24 நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். பி12 மிகவும் குறைவாக இருந்தது, இரத்தமும் குறைவு. பூஞ்சையும் கொஞ்சம் இருந்தது, அதற்குத் தனி மருந்து. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த டாக்டர் முதலில் செய்தது டார்ச்சை எடுத்து நாக்கை நீட்டச் சொன்னதுதான். அத்தை வெளியே வந்து, "என்னைப் பார்த்தாரு" என்றார்.

பற்பொடியை நிறுத்திய நான்காம் நாளே பாதி எரிச்சல் குறைந்தது, ஊசிக்கு முன்பே. உப்பு சோடாத் தண்ணீர் தினமும் நானே கலந்து வைக்கிறேன். இரவில் தேங்காய் எண்ணெய் உதட்டில். எங்கள் தோட்டத்துக் காயை ஆட்டியது என்பதால் அதில் மட்டும் அத்தைக்கு முழு நம்பிக்கை. வேலந்தாவளத்து அண்ணாவின் மணத்தக்காளி வாரம் இரண்டு நாள். முந்தாநாள் மிளகில்லாமல் ரசம் வைத்தேன், ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். கால் மரப்பு இன்னும் போகவில்லை, நாளாகும் என்றிருக்கிறார்கள்.

வேலந்தாவளத்தான்

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. கிராம்பு எண்ணெய் சொன்னதற்காக அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். வீட்டில் எனக்கும் சர்க்கரை, அதே மாத்திரைதான். அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது பி12 பார்க்கச் சொல்கிறேன். மீனாட்சிபுரம் தம்பி, நீங்கள் போய்க் காட்டினீர்களா இல்லையா?

லோடு ஆட்டோ (மீனாட்சிபுரம்)

காட்டினேன் அண்ணா. கோவைச் செவிலி அக்கா சொன்னதேதான். ஆரம்ப நிலை என்கிறார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த புதன்கிழமை முடிவு. பாக்கை விட்டு இருபத்திரண்டு நாள். இரவு ஓட்டத்தில் வாய் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. தத்தமங்கலத்து அக்கா, மெல்லுவதற்கு எரியாத பொருள் ஏதாவது சொல்லுங்கள், சோம்பு கூட இப்போது கன்னத்தில் குத்துகிறது.

வைத்தியசாலைப் பேத்தி (தத்தமங்கலம்)

தம்பி, உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. கொப்பரை ஆகாத இளசான தேங்காயைச் சின்னச் சின்னக் கீற்றாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லவும் ஆகும், கன்னத்துக்கும் இதம். ராத்திரிக்குள் தீர்த்துவிடுங்கள், மறுநாள் காறிவிடும். புதன்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.